முனியப்பனைக் காக்க வைத்த மார்ச்

பெரிய டிரம்மை மாட்டிக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிரம்மைத் தூக்கிப் பிடிப்பார், மற்றவர் தோல்வாருக்குள் தலையை நுழைப்பார். அன்றைக்குத் தூக்கிப் பிடித்தது எங்கள் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிற ரவி. தலையை நுழைத்தது நான். வார் கழுத்தில் ஏறியதுமே இரண்டு முட்டிகளும் முனக ஆரம்பித்துவிட்டன.

மாசி மாத வெயில். தக்காளி விலை படுத்துவிட்டிருந்த வருஷம் அது. வழியெல்லாம் வரப்போரத்தில் பறித்துக் கொட்டிய தக்காளி புளித்து நாறிக்கொண்டிருந்தது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற ஊர். ஷாமியானாவுக்குக் கீழே பெஞ்சின் மேல் முனியப்பன் படுத்திருந்தான். மூக்கில் பஞ்சு, நெற்றியில் ஒரு காசு.

போன வாரம் இந்தப் பத்தியில் என் பல் போன கதையைச் சொன்னேன். பட்டாளத்து பேண்டில் சேர்ந்த நாளிலிருந்து யூபோனியம் என்கிற கனத்த குரல் பித்தளைக் குழலை ஊதியவன் நான். முன்பல் போனால் உதட்டுக்குப் பிடிமானம் போச்சு. பல்செட்டை வைத்துக்கொண்டு பொரி தின்னலாம், கல்யாணப் போட்டோவுக்குச் சிரிக்கலாம், ஊத முடியாது. அதனால்தான் தருமபுரியில் நாங்கள் நடத்துகிற பேண்டு செட்டில் நான் பெரிய டிரம்முக்கு மாறிக்கொண்டேன்.

அது முனியப்பனின் வாத்தியம். நாங்கள் இருவரும் ஒரே படைப்பிரிவின் பேண்டில் இருந்தவர்கள். அவன் அடிப்பான், நான் ஊதுவேன். நான் இண்டூர், அவன் மாரண்டஹள்ளிப் பக்கம். வடக்கே அத்தனை தூரத்தில் இருந்தபோது இந்த இரண்டு ஊரும் ஒரே தெரு மாதிரி எங்களுக்குத் தோன்றும்.

எல்லோரும் எமகண்டம் பிறப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே ஒரு கவலைதான். ஓசூரிலிருந்து வருகிற பஸ் வந்து சேரும் வரைக்கும் முனியப்பன் குழிக்குள் இறங்கக் கூடாது.

சுமதி

அந்த பஸ்ஸில் அவன் மகள் சுமதி வந்துகொண்டிருந்தாள்.

சுமதி தானாகத் தேடிக்கொண்ட கல்யாணம். பையன் நல்ல பையன். ஆனால் அவன் எந்த ஊர், என்ன ஆட்கள் என்று விசாரித்த அன்றைக்கே முனியப்பன் தனக்கு மகளே இல்லை என்று சொல்லிவிட்டான். நம் பக்கத்தில் இது எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெட்டு குத்து இல்லாமல் போனதே என்று நிம்மதிப்பட்டுக்கொண்டவர்கள் ஊரில் உண்டு. எனக்கு அந்த நிம்மதியைக் கேட்டாலே எரிச்சல் வரும்.

அவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். முனியப்பனுக்குச் சர்க்கரை முற்றி, சிறுநீரகம் கெட்டு, வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த காலத்திலும் அவளைக் கூப்பிடவில்லை. அண்ணன் மாதேஷும் கூப்பிடவில்லை. அப்பாவின் பிடிவாதத்தை அப்படியே வாங்கிக்கொண்ட பிள்ளை அவன்.

காலையில் நான் போய் மாலை போட்டபோது, முனியப்பன் மனைவி கோவிந்தம்மா என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். அவர் பிறந்த வீட்டில் கன்னடம் பேசுவார்கள். துக்கம் வந்தால் அவருக்குத் தமிழ் நழுவிவிடும். பாதி கன்னடத்தில் ஒரு போன் நம்பரைச் சொன்னார், மனப்பாடமாக. எத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தாரோ.

"மாதேஷுக்குத் தெரிய வேணாங்கண்ணா. மூஞ்சியாச்சும் பாத்துட்டுப் போவட்டும்."

போன் செய்தேன். சுமதி ஷிப்டில் இருந்தாள். சத்தத்துக்கு நடுவே நான் சொன்னதை இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். பிறகு, வர்றேன் மாமா என்றாள். அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால் பெண்கள் சுடுகாடு வரைக்கும் வரக் கூடாது. வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாட்டைக் கால்மாடாக மாற்றித் தூக்குவார்கள். இறந்தவருக்கு வீட்டு வழி மறந்துபோக வேண்டுமாம். அந்த இடம் வரைக்கும்தான் பெண்கள் வரலாம். அந்த ஊரில் அது மெயின் ரோட்டு முக்கில், பால் சொசைட்டிக்கு முன்னால் இருக்கிறது. பாடை அங்கிருந்து கிளம்பிவிட்டால், பெற்ற மகளானாலும் முகம் பார்க்க முடியாது.

பெயர் வேண்டாத ஒரு மார்ச்

அன்றைக்கு நாங்கள் வாசித்த மார்ச், அந்தப் படைநடை மெட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பெயரைச் சொன்னால் உங்களில் யாருக்கும் தெரியாது. பாடிக் காட்டினால் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு நீங்கள் இதற்குத்தான் கைவீசி நடந்திருக்கிறீர்கள். டெல்லி அணிவகுப்பை டிவியில் பார்க்கும்போது காலாட்டியதும் இதற்குத்தான்.

இது எங்கிருந்து வந்தது என்று பயிற்சிக் காலத்தில் எங்களுக்கு மூன்று கதை சொன்னார்கள். பேண்டு மாஸ்டர் சொன்னது ஒன்று. ஏதோ ஒரு வெள்ளைக்காரப் படை, எங்கேயோ தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது. கால் வீங்கி, வழியில் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அப்போது அந்தப் படையின் பேண்டு மாஸ்டர், ஆட்களை எழுப்பி நடக்க வைப்பதற்காகப் போட்ட மெட்டு என்றார் எங்கள் மாஸ்டர். அதைப் பிறகு ஜெனரல்கள் எடுத்து வெற்றி ஊர்வலத்துக்கு வைத்துக்கொண்டார்களாம்.

கோவாக்காரர் ஒருவர் எங்களுக்கு சுபேதாராக இருந்தார். அவர் அதெல்லாம் புளுகு, இது சாராயக்கடையில் மேஜையைத் தட்டிப் பாடிய பாட்டு என்பார். மூன்றாவது கதை ஒரு ஹவில்தார் சொன்னது. குதிரை குளம்படியைக் கேட்டுப் போட்டது என்றார். அந்த ஹவில்தாருக்கு எல்லாமே குதிரைதான்.

நான் முதல் கதையை நம்புகிறேன். காரணம், இந்த மெட்டு களைத்தவனுக்காகப் போட்டது என்பது வாசித்தவனுக்குத் தெரியும். முதல் அடி விழும்போது உங்களுக்குத் தெம்பு இருக்கிறது என்று அது எடுத்துக்கொள்வதில்லை. தாழத்தான் தொடங்கும். நான்கு நான்கு தாளமாகக் கொஞ்சம் கொஞ்சம் மேலே ஏறும். ஏறும்போது நீங்களும் அதோடு ஏறிவிடுவீர்கள்.

அந்தக் காலத்துப் படைகளில் வாத்தியம் சந்தோஷத்துக்காக வந்தது இல்லை. ஆயிரம் பேருக்குக் கத்திச் சொன்னால் கேட்காது, டிரம்மில் அடித்துச் சொன்னால் கேட்கும். நில், நட, திரும்பு, எல்லாம் டிரம்தான். பித்தளை வாத்தியங்கள் பின்னால் வந்து சேர்ந்தன. வெள்ளைக்காரன் போன பிறகு பேண்டுகளில் நம் மெட்டுகள் பல புகுந்தன. இது மட்டும் வெளியே போகவில்லை. கால் பழகிவிட்டதை அதிகாரி உத்தரவு போட்டு மாற்ற முடியாது.

நம் மாவட்டத்துக்கு இது எப்போது வந்தது என்று தெரியாது. நான் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது ஏற்கெனவே இருந்தது. அமைச்சர் வந்தால் இது, தேர்த் திருவிழாவில் வாணவேடிக்கைக்கு முன்னால் இது, நகைக்கடை திறப்பு விழாவிலும் இது. பென்னாகரம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையிலிருந்து இறங்கும்போது வாசிக்கச் சொன்னார்கள். குதிரைக்கு மட்டும் பிடித்தது. அந்த ஹவில்தாரை நினைத்துக்கொண்டேன்.

நடுப் பாகம்

எல்லா செட்டும் வாசிப்பது இந்த மார்ச்சின் முன்பாதியை மட்டும்தான். அதையே திருப்பித் திருப்பி அடித்துவிட்டு சினிமாப் பாட்டுக்குப் போய்விடுவார்கள். நடுவில் ஒரு பாகம் இருக்கிறது. அதைச் செட்டுக்காரர்கள் தொடுவதில்லை. கூட்டம் கலைந்துவிடுமாம்.

அந்த நடுப் பாகத்தில் டிரம் அடங்கிவிடும். டிரம்பெட் வாயை மூடிக்கொள்ளும். சுருதியே இடம் மாறும். நம் ஆட்கள் மத்தியம சுருதியில் பாடுவார்களே, அதுபோல, அதுவரை ம-வாக இருந்தது ஸ-வாகிவிடும். விறைப்பாக நின்றவன் சட்டைப் பொத்தானைக் கழற்றி உட்கார்ந்த மாதிரி இருக்கும். மெட்டு கிளாரினெட்டுக்குப் போகும். அதற்குக் கீழே யூபோனியத்துக்கு ஒரு தனி வழி உண்டு. மெட்டோடு சேராமலும் அதை விட்டுப் போகாமலும் கூடவே நடக்கும். அந்த வழியை ஊதத்தான் நான் பிறந்தேன் என்று வாலிபத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முனியப்பனுக்கு நடுப் பாகம் பிடிக்காது. அவனுக்கு அங்கே வேலை இல்லை, பஞ்சுத்தலைக் கோலால் தொட்டுத் தொட்டு அடிக்க வேண்டும். ஊதுகிறவர்கள் சுகத்தில் நடையை இழுப்பார்கள் என்று அவனுக்குப் பயம். உண்மைதான், நாங்கள் இழுப்போம். அவன் விடமாட்டான். பின்னாலிருந்து திட்டுவான். பெரிய டிரம்காரன் ஒரு மயிரிழை இழுத்தாலும், பின்னால் வருகிற அத்தனை பேரின் காலும் கனக்கும் என்பான்.

அது நூற்றுக்கு நூறு சரி. பெரிய டிரம் அடி விழும்போது இடது கால் விழும். யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். செருப்புக் கடைக்குப் போகிறவன்கூட பேண்டு பக்கத்தில் வந்தால் அதில் மாட்டிக்கொள்வான்.

ஒருமுறை லீவில் வந்துகொண்டிருந்தோம். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து ரோடு அடைத்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி, டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து, நின்ற வண்டிகளின் ஓரமாகவே நடந்தோம். நான் சோர்ந்து நிற்கும்போதெல்லாம் முனியப்பன் தன் பெட்டியின் பக்கவாட்டில் தட்டுவான், இந்த மார்ச்சின் தாளம். வாயில் வருகிறதைச் சொல்லித் திட்டிக்கொண்டே நான் நடப்பேன்.

அவன் சாவதற்கு முந்தின தீபாவளி வாக்கில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். கால் வீங்கி, முகம் வெளுத்துக் கிடந்தான். செத்தால் நம் மார்ச்சை வாசியுங்கள் என்றான். பட்டாளத்து முறைப்படி போகும்போது மெதுவாகவும் குழி மூடித் திரும்பும்போது வேகமாகவும்தான் வாசிப்பார்கள், அப்படிச் செய்யட்டுமா என்று கேட்டேன்.

"திரும்பும்போது வாசிச்சி என்ன, கேக்க நான் இருக்க மாட்டேன். போவும்போதே வாசி. இழுக்காம வாசி. அழுவாச்சி நடை நடந்து என்னைக் கொண்டுபோவாதீங்கடா."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எடுத்த பிறகு

எமகண்டத்துக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள். ரவி டிரம்பெட்டைத் தூக்கினான், அந்தோணி கிளாரினெட்டின் சீவாளியை நனைத்துக்கொண்டார். அந்தோணி போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் செட்டில் நடுப் பாகம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பக்க டிரம் அடிக்கிற ஆள் என் கையைத்தான் பார்ப்பான்.

தெருவுக்குள் முனியப்பனின் வேகத்திலேயே அடித்தேன். நேர்மையாகச் சொன்னால், அந்த வேகத்தில் போனால் வெற்றிலை போட்டுத் துப்புவதற்குள் பால் சொசைட்டி வந்துவிடும். தெரு முனையில் சுமதிக்கு மறுபடி போன் போடச் சொல்லி என் செல்லை ரவியின் கையில் கொடுத்தேன். ராயக்கோட்டை தாண்டிவிட்டாளாம், முன்னால் தக்காளி வண்டிகள் அடைத்து பஸ் நகரவில்லையாம். விலை இல்லாத தக்காளிக்கு அத்தனை வண்டி.

நான் இழுக்க ஆரம்பித்தேன்.

சட்டென்று வேகத்தைக் குறைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடிக்கு அடி ஒரு துளி திருட வேண்டும். கோலைக் கொஞ்சம் கூடுதலாக உயர்த்தினால் போதும், இறங்குவதற்கு நேரம் எடுக்கும். பக்க டிரம்காரன் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். ஒவ்வொரு பகுதியையும் திருப்பினேன். பட்டாளத்தில் எழுதி வைத்தபடி எத்தனை திருப்பல் உண்டோ அத்தனையும், எழுதி வைக்காததும்.

பாடை தூக்கியவர்கள் ஆறு பேர். கொஞ்ச நேரத்தில் அவர்களின் நடை மாறியது. இடது கால் விழுந்து, வலது கால் எழுந்து, நடுவில் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. அப்படி நிற்கிற நேரத்தில்தான் தோளில் முழு பாரமும் இறங்கும். முனியப்பன் பருத்த உடம்புக்காரன். கடைசியில் நீர் வேறு கோத்திருந்தது.

முன்னால் தூக்கியவர் தலையைத் திருப்பி, அண்ணா, அடிச்சி வுடுங்க, தோளு எரியுது என்றார். எனக்கும் கழுத்து எரிந்தது. டிரம் விளிம்பு தொடையில் இடித்து இடித்து அந்த இடமே மரத்துவிட்டது. இந்த வயதில் ஒரு மனிதன் செய்கிற வேலை இல்லை இது. வீட்டில் படுத்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனாலும் கோலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

கையில் நெருப்புச் சட்டியோடு முன்னே போன மாதேஷ் நின்றான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தான். கண் சிவந்திருந்தது, சட்டிப் புகையா அழுகையா தெரியவில்லை.

"யாருக்காக மாமா இழுக்கறீங்க?"

பட்டாளத்து முறை இதுதான், சாவுக்கு மெதுவாகத்தான் போக வேண்டும் என்றேன். பாதி உண்மை. முனியப்பன் கேட்டது அதுவல்ல என்பது எனக்கும் தெரியும், அந்தத் தீபாவளிப் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்த மாதேஷுக்கும் தெரியும்.

அவன் மெயின் ரோட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. அடித்து ஓட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அது அவன் அப்பாவின் சாவு, அவன் சொல்தான் சொல். ஆனால் அவன் சட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பி முன்னே போய்விட்டான்.

அந்தோணியைப் பார்த்து, நடுப் பாகம் என்றேன்.

அவர் ஒரு கணம் தயங்கினார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். ரவி டிரம்பெட்டை இறக்கினான். நான் பஞ்சுத்தலையால் தொட்டேன். சுருதி இடம் மாறியது. படை நடப்பதற்குப் போட்ட மெட்டு, பாதி வேகத்தில் வாசித்தபோது வேறு ஏதோவாக ஆகிவிட்டது. அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பின்னால் வந்த பெண்கள் புதிதாக அழ ஆரம்பித்தார்கள். அவர்களில் யாரும் அந்தப் பாகத்தை அதற்குமுன் கேட்டதில்லை. யூபோனியத்தின் வழி அதில் இல்லை. என் வாய்க்குள் மட்டும் ஓடியது.

பால் சொசைட்டி முக்கு

பாடையை இறக்கினார்கள். பஸ் வரவில்லை.

சுற்றி வந்தார்கள், தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினார்கள். நான் மார்ச்சை முதலிலிருந்து எடுத்தேன். ரவியின் உதடு வீங்கிவிட்டது. அந்தோணிக்கு மூச்சு வாங்கியது. அவருக்கும் வயது ஆகிவிட்டது, அவருக்கு முனியப்பன் யார் என்றே தெரியாது. யாரோ ஒருவர் மகளுக்காக அந்த மனுஷனை நான் கொன்றுகொண்டிருந்தேன். சடங்கு செய்தவர் நேரம் ஆகிறது, தூக்குங்கள் என்றார். ஆறு பேரும் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு குனிந்தார்கள்.

கோவிந்தம்மா அவர்களுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாடையின் மூங்கிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எழுப்பப் போன பெண்களைத் தள்ளிவிட்டார். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, புருஷன் போன துக்கம் என்று நின்றார்கள். நானும் மாதேஷும்தான் ரோட்டைப் பார்த்தோம்.

பஸ் வந்தது. பாலக்கோடு போர்டு. முக்கில் நின்றது. சுமதி இறங்கினாள்.

கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கழுத்தில் அடையாள அட்டை. ஓடி வருவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, நடந்துதான் வந்தாள். வழிவிட்டார்களா, ஒதுங்கினார்களா என்று சொல்லத் தெரியவில்லை. நடுவில் பாதை உண்டானது.

கோவிந்தம்மா முகத்தில் இருந்த துணியை விலக்கினார். சுமதி குனிந்து பார்த்தாள். அழவில்லை. மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு ரோஜா இதழ் முனியப்பனின் மீசையில் ஒட்டியிருந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பின்னால் நகர்ந்து நின்றாள். அவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டு வந்தது அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான். எனக்கு அது போதும் என்றுதான் தோன்றியது.

தூக்குங்க, என்றான் மாதேஷ்.

நான் கோலை மாற்றிக்கொண்டு முனியப்பனின் வேகத்தில் அடித்தேன். ஆறு பேரும் ஏறக்குறைய ஓடினார்கள்.

திரும்பும்போது

குழி மூடிய பிறகு ஆண்கள் வழியில் இருந்த ஒரு தோட்டத்து மோட்டார்த் தொட்டியில் குளிக்க இறங்கினார்கள். நான் டிரம்மை ரவியிடம் கொடுத்துவிட்டு மெதுவாக நடந்து வந்தேன்.

பால் சொசைட்டிப் படியில் சுமதி உட்கார்ந்திருந்தாள். மற்ற பெண்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அம்மா கையைப் பிடித்து இழுத்தும் அவள் போகவில்லையாம். அண்ணன் கூப்பிடாமல் அந்த வாசலை மிதிக்க மாட்டேன், ஓசூர் பஸ் வந்ததும் ஏறிவிடுவேன் என்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருந்தது.

பால் கேன்கள் காய்ந்த வாடை. பிறகு கேட்டாள்.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா மாமா?"

காலையில் போன் செய்தபோதே இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் தயாராக வைத்திருந்தேன். கடைசி மாதத்தில் உன் பேரைத்தானம்மா அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சாவு வீட்டில் எல்லோரும் சொல்கிற பொய்தான், யாருக்கும் பாவம் கிடையாது. ஆனால் அன்றைக்கு எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. பொய்க்கும் ஒரு மூச்சு வேண்டியிருக்கிறது.

"கேக்கலம்மா. ஒரு தடவகூடக் கேக்கல. நான் பேச்செடுத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவான்."

சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். கையில் இருந்த இதழைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சிங்க மாமா. கேட்டாருன்னு சொல்லியிருந்தீங்கன்னா, ஏன் முன்னயே வராம போனோம்னு காலம் பூரா நெனச்சிக்கிட்டுக் கெடந்திருப்பேன்."

இத்தனை வருஷத்தில் அவள் அப்பாவை நான் புரிந்துகொண்டதைவிட அவள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தாள். முனியப்பா, இந்தப் பெண்ணையா வேண்டாம் என்றாய் என்று எனக்குக் கோபம் வந்தது. செத்தவன் மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது. கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

மாதேஷ் வந்தான். மீசை எடுத்த முகம், ஈர வேட்டி. எங்களுக்கு எதிரில் வந்து நின்றான். தங்கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

சாவுக்கு வந்த வெளியாட்கள் வழியிலோ அவரவர் வீட்டுக்குப் போயோ குளிப்பார்கள். செத்தவர் வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொள்வது தீட்டு இருக்கிறவர்கள் மட்டும்தான். ரத்த பந்தம், பங்காளி, பெற்ற பிள்ளை. வேறு யாரையும் அங்கே ஊற்றிக்கொள்ளச் சொல்ல மாட்டார்கள்.

"மாமா, அத வூட்டுக்கு வந்து தண்ணி ஊத்திக்கச் சொல்லுங்க," என்றான்.

நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டான். சுமதி எழுந்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டாள். அவனுக்குப் பின்னால், அவனோடு சேராத தூரத்தில் நடந்தாள்.

ஓசூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏற ஆள் இல்லை என்று கையைக் காட்டினேன்.